போர்ப் பதக்கங்களும் உரியவர் பெயரும்

கூடலூர் வட்டத்து ஸ்ரீமதுரையில் என் பழைய மாணவி ஒருத்தியின் வீடு உள்ளது. அவளுடைய தந்தையார் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கணக்கராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். பழைய நாணயங்களைச் சேர்ப்பதில் பெருவிருப்பம் உடையவர். நாணயங்களோடு ஏழு போர்ப் பதக்கங்களும் அவரிடம் வந்து சேர்ந்திருந்தன. பாத்திரக் கடையிலும் பழைய உலோகம் வாங்குவோரிடமும் எடைக்கு விலை கொடுத்துப் பெற்றவை அவை. மறைவதற்குச் சில நாள் முன்னர், "காசு நமக்கு, பதக்கம் அவரவர் வீட்டுக்கு" என்று மகளிடம் சொல்லியிருக்கிறார். "அம்மா, பெயரை மட்டும் படித்துச் சொல்லுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று அவள் ஏழையும் ஒரு துணிப்பையில் இட்டு என்னிடம் கொடுத்தாள். அரைமணி நேர வேலை என்றே நானும் எண்ணினேன். ஈராண்டு ஆகிறது. நம் இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு மலருக்கு நடுகல் பற்றி எழுதுவதாக ஒப்புக்கொண்டவள், எழுத அமர்ந்ததும் இப்பதக்கங்களைப் பற்றியே எழுத வேண்டியவளானேன். இரண்டும் ஒரே பொருள் அல்ல. ஆனால் மிகத் தொலைவிலும் இல்லை.

ஏழனுள் ஒன்று முதல் உலகப் போருக்கு உரியது. வெண்கலத்தாலானது. ஒருபுறம் சிறகு விரித்த வெற்றித் தேவதை, மறுபுறம் 1914–1919 என்னும் ஆண்டுகள். வெற்றிப் பதக்கம் எனப்படும் இதனைத் தனியே வழங்கும் வழக்கம் இல்லை. பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் என்ற ஒன்றும் உடன் இருந்திருக்க வேண்டும். அத்துணைப் பதக்கம் இங்கே இல்லை. பெரும்பாலோர்க்கு அது வெள்ளியில் வழங்கப்பட்டது. ஏறத்தாழ ஓர் அவுன்சு எடை. வெள்ளியாய் இருந்ததே அதற்குக் கேடாயிற்று. குடும்ப நெருக்கடியில் அடகுக் கடைக்குப் போனவை போக, 1980ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் உலகச் சந்தையில் வெள்ளி விலை வரலாறு காணாத அளவு ஏறியபோது பல நாடுகளிலும் இவை உருக்குக் குகைக்குள் போயின. இந்தியக் கூலிப்படையினர் உள்ளிட்ட சிலருக்கு இதே பதக்கம் வெண்கலத்தில் வழங்கப்பட்டது. தாழ்த்திக் கொடுத்த உலோகம் உருகாமல் தப்பிப் பெயரைக் காத்து நிற்கிறது. உயர்த்திக் கொடுத்த உலோகம் யாருடைய கொலுசாயிற்றோ!

மற்ற ஆறும் இரண்டாம் உலகப் போருடையவை. சிங்கம் ஒன்று இருதலை விலங்கை மிதித்து நிற்கும் போர்ப் பதக்கங்கள் மூன்று. இந்திய வரைபடம் பொறித்த இந்தியப் பணிப் பதக்கங்கள் இரண்டு. ஆறு முனைகளை உடைய பர்மா விண்மீன் ஒன்று. இவற்றுள் பதக்கங்கள் செம்பும் நிக்கலும் கலந்தவை. விண்மீன் பித்தளை நிறத்தது. உருக்கினால் ஊதியம் இல்லாதவை ஆதலின் பிழைத்துக் கிடந்தன.

உரியவர் யார் என்பது முகப்பில் இராது. முகப்பில் இருப்பவர் மன்னர். உரியவரைக் காணப் பதக்கத்தின் விளிம்பைத் திருப்பிப் பார்க்க வேண்டும். விண்மீனாயின் பின்புறத்தை நோக்க வேண்டும். எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியன சிறு ஆங்கில எழுத்துகளில் வரிசையாக அடிக்கப்பட்டிருக்கும். என் மாணவியின் தாயார், பொருளை மதிப்போடு ஒப்படைக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் ஏழையும் புளியிட்டுத் துலக்கியிருந்தார். பல்லாண்டுத் தேய்மானத்தோடு அத்துலக்கலும் சேர, இரண்டின் விளிம்பு ஏறக்குறைய வழுக்கையாகி இருந்தது. கல்வெட்டுப் படித்த பழக்கம் ஈண்டு உதவிற்று. விளக்கைத் தலைக்கு மேல் வைத்தால் எழுத்துத் தெரிவதில்லை. பக்கவாட்டில் தாழ வைத்தால் எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழுகிறது. மெல்லிய தாளை விளிம்பில் சுற்றி மென்மையான பென்சிலால் உரசினால் ஒரு சிறிய மைப்படியே கிடைத்துவிடுகிறது. விட்டத்தை அளந்து பார்ப்பதும் நன்று. பழைய பெயரை அராவி நீக்கிவிட்டு வேறு பெயரைப் பொறித்து விற்பாரும் உளர். அராவிய பதக்கம் 36 மில்லிமீட்டர் என்னும் தன் அளவிற் குறைந்து காட்டிக் கொடுத்துவிடும்.

இவ்விடத்தில் ஒரு முரணைச் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போரின் பதக்கங்களைப் பிரிட்டன் தன் சொந்த வீரர்களுக்குப் பெயர் பொறிக்காமலேயே அனுப்பியது. இந்திய வீரர்களுக்கோ பெயர் பொறித்து வழங்கப்பட்டன. ஆகவே இங்கிலாந்தில் ஒரு பெட்டியின் அடியிற் கிடைக்கும் 1939–45 பதக்கம், உடன் கடிதம் ஏதும் இல்லையேல், வாய் பேசாது. ஸ்ரீமதுரையில் கிடைப்பது பேசும். ஆட்சி செய்தோரின் பதக்கம் ஊமையாகவும் ஆளப்பட்டோரின் பதக்கம் பேசுவதாகவும் அமைந்துவிட்டது.

இதனைக் கொண்டு இந்திய வீரனின் பெயருக்கு எங்கும் மதிப்பிருந்தது எனக் கருதுதல் பிழையாகும். ஈராக்கில் 1929இல் திறக்கப்பட்ட பஸ்ரா நினைவகத்தை நோக்குக. மெசபொத்தாமியப் போரில் மாண்டு, கல்லறை அறியப்படாத 40,000க்கும் மேற்பட்டோருக்காக எழுப்பப்பட்டது அது. அங்கே பிரிட்டிஷ் வீரர்களின் பெயர்கள் உண்டு. இந்திய அதிகாரிகளின் பெயர்களும் உண்டு. இந்தியச் சிப்பாய்களோ படைப்பிரிவுவாரியாக 'இத்தனை பேர்' என்று எண்ணிக்கையாக மட்டுமே குறிக்கப்பட்டனர். அதே போரில் பிரான்சில் மாண்ட இந்தியர்க்கு நியூவ் ஷப்பெல் ஊரில் 1927இல் திறக்கப்பட்ட நினைவகத்தில் 4,700க்கும் மேற்பட்ட பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. ஐரோப்பியர் கண்படும் இடத்தில் பெயர். அல்லாத இடத்தில் எண். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021இல் வெளியிட்ட அறிக்கையில் இவ்வேற்றுமையைத் தானே ஒப்புக்கொண்டது. ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் பெயர் குறிக்கப்படாமலோ, நினைவே கொள்ளப்படாமலோ விடுபட்டோர் குறைந்தது 1,16,000 பேர் என்றும், அத்தொகை 3,50,000 வரை செல்லலாம் என்றும் அவ்வறிக்கை கணித்தது.

தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டறிந்த தமிழ்ப் பிராமி நடுகற்களை நம்முள் பலர் அறிவோம். அவற்றுள் ஒன்று, கூடல் ஊரில் நிகழ்ந்த ஆகோளையும் அதில் பட்டவன் பெயரையும் ஒரே வரியில் சொல்கிறது. ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட ஒரு சிற்றூரார் ஒருவனுக்குச் செய்ததைப் பேரரசு ஒன்று ஆயிரக்கணக்கானோர்க்குச் செய்யத் தவறியது. இருப்பினும் அந்நடுகல்லையும் என் கையிலிருந்த பதக்கத்தையும் ஒப்பிட்ட பொழுது ஒன்று தெளிவாயிற்று. கல்லில் ஊர் இருக்கிறது. பதக்கத்தில் ஊர் இல்லை.

ஊர் இல்லாத பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? முதலிற் படைப்பிரிவு காலத்தைக் காட்டும். 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தென்னாட்டார் போர்க்குணம் குன்றியவர் என்னும் கருத்தினர். பின்னர் அவர் இந்தியப் படை முழுமைக்கும் தலைவரானார். 'போர்க்குடி' என்னும் கொள்கை அக்காலத்தில் வலுப்பெற, சென்னைப் படைப்பிரிவுகள் ஒவ்வொன்றாகச் சுருங்கின. 1928க்குள் மூன்றாம் மதராஸ் ரெஜிமென்ட்டும் 1933இல் மதராஸ் பயனியர் பிரிவும் கலைக்கப்பட்டன. எஞ்சி நின்றோர் 'தம்பிகள்' என்று செல்லமாக அழைக்கப்பட்ட மதராஸ் சாப்பர்கள். இரண்டாம் உலகப் போர் மூண்டு ஆள் தேவைப்பட்டதும் கொள்கை காற்றில் போயிற்று. மதராஸ் ரெஜிமென்ட் மீண்டும் தோற்றுவிக்கப்பட்டது. அந்தத் 'தம்பி'களுள் ஒருவரான சுபேதார் சுப்பிரமணியம் 1944இல் இத்தாலியின் மிஞ்ஞானோவில் கண்ணிவெடி மேல் தம் உடலைக் கிடத்திப் பிறரைக் காத்து மாண்டார்; அவருக்கு ஜார்ஜ் கிராஸ் விருது வழங்கப்பட்டது. ஆகவே விளிம்பில் 'பயனியர்' என்றிருந்தால் ஒரு காலம், 'மதராஸ் ஆர்' என்றிருந்தால் வேறொரு காலம், 'ஆர்.ஐ.ஏ.எஸ்.சி.' என்றிருந்தால் வண்டியும் கழுதையும் உணவு மூட்டையுமாகப் போருக்குப் பின்னின்று உழைத்த வழங்கல் பிரிவு எனப் பகுத்துணரலாம்.

அடுத்தது பெயர். தமிழாசிரியருக்கு வேலை இங்கேதான் தொடங்குகிறது. படையில் பெயர் எழுதியவர் தம் காதில் விழுந்ததை ஆங்கில எழுத்தில் பதிந்தார். முத்து என்பது 'மூட்டூ' எனவும், ஆறுமுகம் 'ஆர்மூகம்' எனவும், சவரிமுத்து 'சௌரிமூட்டூ' எனவும் ஆயின. ழகரம் லகரமாயிற்று. குறில் நெடில் வேறுபாடு பெரும்பாலும் மறைந்தது. ஓர் எடுத்துக்காட்டைத் தருகிறேன். எம், ஏ, டி, ஏ, என் என்ற ஐந்து எழுத்துகள் உள்ளன எனக் கொள்வோம். இது மாடனா, மாதனா, மதனா? மாடன் எனின் சுடலைமாடனை வழிபடும் நெல்லை, குமரிப் பக்கத்தை நோக்கத் தோன்றும். மாதன் எனின் தருமபுரிப் பக்கத்தையோ, நம் நீலகிரியின் பழங்குடிகளையோ எண்ண வேண்டும். ஐந்து எழுத்துக்குள் இருநூறு கல் தொலைவு அடங்கிக் கிடக்கிறது.

தமிழன் பெயர் அவனுடைய குலதெய்வத்தையும் ஊரையும் பெரும்பாலும் உடன் சுமந்து வருவது. இசக்கிமுத்து என்றால் தென்கோடி. சென்னிமலை என்றால் கொங்கு. அண்ணாமலை என்றால் வட ஆர்க்காடு, தென் ஆர்க்காட்டை முதலில் நினைக்கிறோம். பெள்ளி, ஜோகி என்றால் இம்மலையின் படகர். கத்தோலிக்கப் பெயர்களிலோ மற்றொரு திறவுகோல் உண்டு. இராயப்பன் என்பது பேதுரு; சின்னப்பன் பவுல்; அருளப்பன் யோவான்; யாகப்பன் யாக்கோபு. சூசை என்னும் யோசேப்பை வளன் என்று தூய தமிழாக்கித் தேம்பாவணி பாடிய வீரமாமுனிவரைப் படையின் எழுத்தர் கேள்விப்பட்டிருப்பாரா என்ன! அவர் எழுதிய சிதைந்த எழுத்துக்குள் இராயப்பனைக் கண்டுகொண்டால், அவருடைய பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டில் தந்தை, தாய், ஊர், நாள் எல்லாம் கிடைக்க வழி பிறக்கிறது. எனினும் பெயர் திசை காட்டுமேயன்றி வீடு காட்டாது. நெல்லைக்காரர் பேரன் கோவையில் பிறப்பதும், கொங்குநாட்டில் வேண்டுதலால் அண்ணாமலை என்று பெயர் வைப்பதும் நாம் அறியாதன அல்ல. தவறான வீட்டில் ஒரு பதக்கத்தைச் சேர்ப்பது, சேர்க்காமல் வைத்திருப்பதைவிடக் கொடிது என்றே நான் கருதுகிறேன். அவ்வீட்டார் அதனை மாலையிட்டுச் சுவரில் மாட்டிவிடுவர். உண்மைக்குரியவர் வீட்டுக்கு வழி அத்தோடு அடைபடும்.

ஊர்ப்பெயர் கிடைத்துவிட்டாலும் மயக்கம் தீர்வதில்லை. இரண்டாம் போரில் மாண்ட இந்திய வீரர்களுக்கு ஆணையத்தின் பதிவேடுகளில் தந்தை பெயரும் ஊரும் மாவட்டமும் பல இடங்களில் தரப்பட்டுள்ளன. எவரும் இன்று கணினியில் தேடிப் பார்க்கலாம். ஆங்கிலத்தில் கூடலூர் என ஓரிடம் இருந்தால் அது நம் கூடலூரா, அக்காலத்தில் மதுரை மாவட்டத்தில் அடங்கியிருந்த கம்பம் பள்ளத்தாக்குக் கூடலூரா? கடலூரும் பழம்பெயரால் கூடலூரே என்பர். மதுரைக்கே கூடல் என்றொரு பெயர் உண்டு. இங்கோ கூடலூருக்கு அருகிலேயே ஒரு ஸ்ரீமதுரை இருக்கிறது! அடைமொழியை விட்டு 'மதுரா' என்று எவரேனும் எழுதியிருந்தால், ஸ்ரீமதுரையிற் பிறந்தவனை வையைக் கரையில் தேடிக்கொண்டிருப்போம். மாவட்டப் பெயரோடு சேர்த்துப் படிப்பதொன்றே இதற்கு மருந்து. கூடலூரை உள்ளிட்ட தென்கிழக்கு வயநாடு 1877இல்தான் மலபாரினின்று பிரித்து நீலகிரியோடு இணைக்கப்பட்டது என்பதையும் பழைய ஆவணம் பார்ப்போர் மறத்தல் கூடாது.

மற்றுமோர் இடர் உண்டு. ஆணையத்தின் ஏடுகள் மாண்டோரின் ஏடுகள். பழைய உலோகக் கடைக்கு வந்த பதக்கங்களோ பெரும்பாலும் உயிரோடு திரும்பியோருடையவையாக இருத்தல் கூடும். களத்தில் விழுந்தவனுக்குக் கல் நட்டுப் பாடிய மரபு நம்முடையது. திரும்பி வந்து, மண் வெட்டி, கடன் பட்டு, பெட்டிக்குள் பதக்கத்தை வைத்துவிட்டு மூப்பெய்தி இறந்தவனைப் பற்றி நாம் அதிகம் பாடவில்லை. விழுந்தவனைத் தேடுவது எளிது. திரும்பியவனைத் தேடுவதே அரிது. அவனுடைய பதிவுகள் அந்தந்தப் படைப்பிரிவின் ஆவண அலுவலகத்தில் இருத்தல் வேண்டும். மதராஸ் ரெஜிமென்ட்டின் மையம் 1947 முதல் நம் வெலிங்டனிலேயே உள்ளது, சாப்பர்களுக்குப் பெங்களூரு. மாவட்டந்தோறும் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகம் ஓய்வூதியம் பெற்றோரின் குடும்பங்களை அறியும் இடம். எங்கும் முதலிற் கேட்கப்படுவது பெயர் அன்று, எண். தமிழ்ப் பெயர்கள் ஒன்றுபோல் ஆயிரம் இருக்கும். எண் ஒருவருக்கே உரியது. பஸ்ராவில் எண்ணிக்கை ஆளை மறைத்தது. இங்கே எண் ஆளைக் காட்டுகிறது.

ஊர் பொறித்த பொருள் எவ்வளவு எளிதில் வீடு சேரும் என்பதற்கு ஜப்பானியரின் கொடிகளைச் சொல்லலாம். போருக்குச் செல்லும் இளைஞனுக்கு ஒரு சிறு பட்டுக் கொடியில், நடுவே சிவந்த ஞாயிறும் சுற்றிலும் ஊராரின் கையெழுத்துகளுமாக எழுதிக் கொடுப்பது அவர்கள் வழக்கம். மாண்ட வீரர்களின் சட்டைக்குள்ளிருந்து எதிர்ப்படையினர் இவற்றை நினைவுப் பொருளாக எடுத்துச் சென்றனர். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஒரு கணவனும் மனைவியும் நடத்தும் ஓபோன் சொசைட்டி இக்கொடிகளின் எழுத்தைப் படித்து உரிய குடும்பங்களைத் தேடித் தருகிறது. 1944இல் சைப்பான் தீவில் ஒரு கொடியை எடுத்துச் சென்ற அமெரிக்க வீரர், தம் 93ஆம் வயதில், 2017 ஆகஸ்டு மாதம் ஜப்பானின் ஹிகாஷி ஷிரகாவா என்னும் மலையூருக்குத் தாமே சென்று மாண்டவரின் உடன்பிறந்தாரிடம் அதனைத் திருப்பித் தந்தார். அக்கொடியில் 180 கையெழுத்துகள் இருந்தன. அக்குடும்பத்துக்கு உடலோ எலும்போ வந்ததில்லை. வந்தது அக்கொடி ஒன்றே. ஓர் ஊரே கையெழுத்திட்டு அனுப்பியதால் அது ஊருக்கு வழி கேட்டுத் திரும்பிற்று. நம்மவனை அனுப்பி வைத்த ஊர் எழுதத் தெரியாத ஊராக இருந்திருக்கலாம். எழுதத் தெரிந்தவனிடம் அவன் பெயர் மட்டுமே சென்று சேர்ந்தது.

இப்பதக்கங்கள் இம்மலைக்கு வந்த வழியையும் எண்ணிப் பார்த்தேன். கிடைத்த இடமே உரியவரின் இடம் என்று கொள்வதற்கு இப்பகுதி சிறிதும் ஏற்றதன்று. 1940களில் சென்னை அரசு முன்னாள் படைவீரர்களைக் குடியேற்ற வயநாட்டில் திட்டம் வகுத்தது. அம்பலவயல் பக்கம் நிலம் பெற்றோர் பலர். வெலிங்டனில் பணி முடித்து மலையிலேயே தங்கினோர் உளர். 1964ஆம் ஆண்டின் சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தின் வழி இலங்கையினின்று தாயகம் திரும்பியோருக்காக 1968 முதல் அரசு தேயிலைத் தோட்டங்கள் இங்கே தோன்றின. மலபாரிலிருந்தும் மைசூரிலிருந்தும் சமவெளியிலிருந்தும் வந்தோர் எத்தனையோ பேர். ஒவ்வொருவரும் ஒரு பெட்டியோடு வந்தனர். எந்தப் பெட்டியிலிருந்து எது கடைக்குப் போயிற்று என்பதற்குக் கணக்கு ஏது? கணக்கராக இருந்த பெரியவரும் பதக்கம் வாங்கிய கடையையும் நாளையும் எழுதி வைக்கவில்லை. நாணயங்களுக்கு எழுதி வைத்திருந்தார்.

ஏழில் ஐந்தின் விளிம்பை முழுதாகப் படித்துவிட்டோம். அப்பெயர்களை இம்மலரில் நான் தரவில்லை. அவர்தம் வீட்டார் முதலில் அறிய வேண்டியவை அவை. மூன்றிற்குப் படைப்பிரிவுகளின் ஆவண அலுவலகங்களுக்கு எண்ணைக் குறித்து மடல் எழுதியாயிற்று. ஒன்று கத்தோலிக்கப் பெயர். இரண்டு பங்குத் தந்தையரிடம் பதிவேடு பார்த்துத் தரக் கேட்டிருக்கிறோம். வெற்றிப் பதக்கத்தின் பெயர் தெளிவாக இருந்தும், மாடனா மாதனா என்பது போன்றதொரு மயக்கத்தில் நிற்கிறது. பர்மா விண்மீனிலும் ஒரு போர்ப் பதக்கத்திலும் எண்ணின் கடைசி இலக்கங்கள் மட்டுமே தெரிகின்றன. நம் வட்டத்து அன்பர்களுள் கல்வெட்டுப் படிக்கும் கண் உடையோர் எவரேனும் ஸ்ரீமதுரைக்கு வந்து அவ்விரண்டையும் பார்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

சென்ற திங்கள் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஏழு பதக்கங்களும் ஏழு காகித உறைகளில் இருந்தன. ஒவ்வோர் உறையின் மேலும் எண்ணையும் பதவியையும் எழுதி, பெயரை ஆங்கிலத்தில் உள்ளபடியும் அதன் கீழ்த் தமிழிலும் எழுதியிருந்தாள். ஐயமுள்ள இடத்தில் இரு வடிவங்களையும் தந்திருந்தாள். கடைசியில் 'ஊர்' என்று எழுதி, அதன் எதிரே இடம் விட்டிருந்தாள். "பேனாவால் எழுத மனம் வரவில்லை, அம்மா" என்று சொல்லிப் பென்சிலை எடுத்து என்னிடம் நீட்டினாள். கத்தோலிக்கப் பெயருடைய உறையின் மேல் நாங்கள் ஐயுறும் மாவட்டத்தின் பெயரை மட்டும் மெல்ல எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இட்டேன்.